வராத நோயின் பயம்

முத்தமிட்டதற்கும் தொட்டதற்கும் எய்ட்ஸ் வந்துவிடுமோ என்று மாதக்கணக்கில் தூக்கம் கெட்டுத் தவிப்பவர்கள் பலர். இன்னொரு ரத்தப் பரிசோதனை அவர்களைக் குணப்படுத்துவதில்லை.

2007 ஏப்ரல் 15. டெல்லியில் லாரி டிரைவர்களுக்காக ஒரு எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கூட்டம். மேடையில் ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியர், ஷில்பா ஷெட்டியை அணைத்துக் கன்னத்தில் முத்தமிட்டார். அடுத்த நாட்களில் பல ஊர்களில் கொடும்பாவிகள் எரிந்தன. ஆபாசம் என்று வழக்குகள் போடப்பட்டன. ஜெய்ப்பூர் கோர்ட் ஒன்று கியருக்குக் கைது வாரண்ட் பிறப்பித்தது. ஷில்பா ஷெட்டி வழக்கிலிருந்து விடுவிக்கப்பட 2022 ஆகிவிட்டது.

முத்தத்தால் எய்ட்ஸ் பரவாது என்று காட்டுவதற்காகத்தான் அப்படிச் செய்தார் என்று அப்போது ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. அந்த இரைச்சலில் அது யார் காதிலும் ஏறவில்லை. கன்னத்தில் முத்தமிடுவது பண்பாடா என்று நாடே விவாதித்தது. முத்தமிட்டால் நோய் வருமா என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

அந்தக் கேள்வி இன்னமும் கேட்கப்படுகிறது. டாக்டரின் அறையில், கதவு சாத்தப்பட்ட பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு.

உதாரணத்துக்கு ஒரு வாலிபர். வயது 27 என்று வைத்துக்கொள்ளலாம். ஊர் இந்தூராகவும் இருக்கலாம், சூரத்தாகவும் இருக்கலாம். நண்பர்களோடு வெளியூர் போன இடத்தில் ஒரு பெண்ணோடு சிறிது நேரம் தனிமை. முத்தம், அணைப்பு, கை வேலை. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் தொண்டை கரகரக்கிறது. அன்றிரவு கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்க்கிறார். வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதுபோல் தெரிகிறது. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார். ஒரு நாளைக்கு இருபது தடவை அழுத்திப் பார்த்தால் எந்தக் கழுத்தும் வலிக்கும். வலிப்பதால் பயம் இன்னும் கூடுகிறது.

ஒரு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. முடிவு: கிருமி இல்லை. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் ஒரு சந்தேகம்: சீக்கிரமே பரிசோதித்துவிட்டோமோ? மூன்று மாதத்தில் இன்னொரு சோதனை. அதிலும் இல்லை. லேபில் சாம்பிள் மாறிப்போயிருக்குமோ? வேறு லேப். அங்கும் இல்லை. இதற்குள் ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. எய்ட்ஸ் வந்தால் எடை குறையும் என்று அவர் படித்திருக்கிறார். சாப்பிடாமல், தூங்காமல் இருந்தாலும் எடை குறையும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப் போடுகிறார்.

மருத்துவப் புத்தகங்களுக்கு இவர் புதியவர் அல்ல. எய்ட்ஸ் பற்றிய அளவு மீறிய பயத்தைத் தனியே ஒரு மனநலப் பிரச்சினையாக 1980-களிலேயே டாக்டர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். பரிசோதனை மையங்களில் ஆலோசகராக இருப்பவர்களுக்கு இவர் நன்கு பழக்கமான ஆள்.

கிருமிக்கு வழி எது?

எச்.ஐ.வி. ஒரு விதத்தில் பலவீனமான கிருமி. ரத்தம், விந்து, விந்துக்கு முன் வரும் திரவம், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால் ஆகியவை வழியாக மட்டுமே அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது. போனால் மட்டும் போதாது. நேரடியாக ரத்தத்தில் சேர வேண்டும். அல்லது பிறப்புறுப்பு, ஆசனவாய் போன்ற இடங்களின் மென்மையான உள் சவ்வைத் தொட வேண்டும். கீறலில்லாத தோல் அதற்குச் சுவர். உடலுக்கு வெளியே காற்றில் உலரத் தொடங்கிய சில மணி நேரத்தில் அதன் தொற்றும் சக்தி 90 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. எச்சில் அதற்கு ஆகாது; கிருமியைத் தடுக்கும் பொருட்கள் எச்சிலிலேயே இருக்கின்றன. கண்ணீர், வியர்வை, சிறுநீர் மூலம் பரவுவதில்லை.

கொசுவும் பரப்பாது. கொசுவின் உடலில் எச்.ஐ.வி. பெருகுவதில்லை. கடிக்கும்போது கொசு தன் எச்சிலைத்தான் செலுத்துகிறது, முன்பு குடித்த ரத்தத்தை அல்ல. மலேரியாக் கிருமிக்குக் கொசுவின் எச்சில் வரை போய்ச் சேரும் வழி தெரியும். எச்.ஐ.வி.க்குத் தெரியாது.

ஆபத்து எவ்வளவு என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வெளியிட்டிருக்கும் மதிப்பீடு இது. மற்றவருக்குக் கிருமி இருக்கிறது, சிகிச்சை இல்லை, ஆணுறையும் இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. கிருமியுள்ள ரத்தத்தை 10,000 பேருக்கு ஏற்றினால் 9,250 பேருக்குத் தொற்றும். ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டு போதை மருந்து ஏற்றினால் 10,000 தடவைக்கு 63. ஆசனவாய் உறவில் ஏற்கும் நிலையில் இருப்பவருக்கு 138. சாதாரண ஆண் - பெண் உறவில் பெண்ணுக்கு 8, ஆணுக்கு 4. வாய்வழி உறவுக்கு எண் போட முடியாத அளவுக்குக் குறைவு. கடிப்பது, துப்புவது ஆகியவை 'பொருட்படுத்தத் தக்கதல்ல' என்ற வகையில் வருகின்றன. கையால் தொடுவதும் அணைப்பதும் பட்டியலிலேயே இல்லை.

இந்த எண்களைத் தப்பாகவும் படிக்கலாம். ஆணுக்கு 4 என்றால் 2,500-ல் ஒரு தடவை. அப்படியானால் ஆணுறை எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். இவை சராசரிகள். மற்றவருக்குக் கிருமி புதிதாகத் தொற்றியிருந்தால், அல்லது இருவரில் ஒருவருக்கு வேறு பால்வினை நோயும் புண்ணும் இருந்தால், ஆபத்து பல மடங்கு ஏறும். முதல் தடவையிலேயே தொற்றியவர்களும் உண்டு. இந்தியாவில் இன்று எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர் என்கிறது 2023-ம் ஆண்டு மதிப்பீடு. வயது வந்தவர்களில் 1,000-க்கு இரண்டு பேர். அவர்களில் பெரும்பாலோர் பாதுகாப்பில்லாத உடலுறவில், மேலே சொன்ன சின்ன எண்களின் வழியாகத்தான் கிருமியைப் பெற்றார்கள். ஆபத்து உடலுறவில் இருக்கிறது. முத்தத்திலும் கைகுலுக்கலிலும் இல்லை.

முத்தம் பற்றிப் பேசும்போது ஒரு சம்பவம் தவறாமல் சுட்டப்படும். 1997-ல் அதே அமெரிக்க மையம் ஒரு ஜோடியைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆணுக்கு எச்.ஐ.வி. இருந்தது. ஈறு நோயால் அவருக்கு வாயில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஆழ்ந்து முத்தமிட்டபோது அந்த ரத்தம் மூலமாகப் பெண்ணுக்குத் தொற்றியிருக்கக்கூடும் என்றது அறிக்கை. பரப்பியதாகக் கருதப்பட்டது ரத்தமே தவிர எச்சில் அல்ல. சாதாரண மனிதர் இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பயம் பிடித்தவர் இங்கேயே நின்றுவிடுவார். 'என் ஈறில் அன்று ரத்தம் வந்ததா?' பல் விளக்கும்போது ஒவ்வொரு நாளும் துப்பியதைக் குனிந்து பார்ப்பார்.

பயம் வந்த கதை

இவரைக் கேலி செய்வது எளிது. ஆனால் இந்தப் பயத்தை அவர் தானே கண்டுபிடிக்கவில்லை. நாடு அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், மாணவி நிர்மலா செல்லப்பன் பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரிகள் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதித்தபோது சிலவற்றில் கிருமி இருந்தது. இந்தியாவுக்குள் எச்.ஐ.வி. வந்துவிட்டதற்கு முதல் சான்று அது. அது வெளிநாட்டார் நோய், இங்கே வராது என்று பேசிக்கொண்டிருந்த நாடு, ஒரே நாளில் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. வராது என்றவர்கள், தொட்டாலே வரும் என்றார்கள்.

1989-ல் கோவாவில் டொமினிக் டிசோஸா என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவர் செய்த குற்றம் ரத்த தானம். தானம் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரிந்தது. கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அப்படிப்பட்டவரைத் தனிமைப்படுத்த அதிகாரம் கொடுத்தது. காசநோய் சானடோரியமாக இருந்த ஒரு கட்டடத்தில் 64 நாட்கள் அடைத்து வைக்கப்பட்டார். கோர்ட் வரை போய்த்தான் அவர் வெளியே வர முடிந்தது. 1992-ல் இறந்தார். தொட்டால் வராது என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருக்கையில், அரசாங்கமே ஒரு மனிதரைப் பூட்டி வைத்தால் ஜனங்கள் எதை நம்புவார்கள்?

பத்திரிகைகளும் தம் பங்கைச் செய்தன. 'உயிர்க்கொல்லி நோய்' என்ற அடைமொழி இல்லாமல் எய்ட்ஸ் என்ற சொல் அச்சில் வந்ததில்லை. 2000-களின் தொடக்கத்தில் மும்பைச் சுவர்களில் பல்பீர் பாஷாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்டார்கள். தமிழ்நாட்டில் அதே கேள்வி புள்ளிராஜாவைப் பற்றி வந்தது. டீக்கடையிலும் பஸ்ஸிலும் ஜனங்களை வாய் திறந்து பேச வைத்த விளம்பரம் அது. அந்தக் கேள்விக்கு ஒரு விடையும் இருந்தது: ஆணுறை. பயம் பிடித்தவரும் அதே கேள்வியைத்தான் தன்னைப் பார்த்துக் கேட்கிறார். விடை கிடைத்த பிறகும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

காரணம், அவர் கேட்பது கிருமியைப் பற்றியே அல்ல. ஹெல்மெட் போடாமல் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுபவர் அவர், சிகரெட்டையும் விடவில்லை. அந்த ஆபத்துகள் அவர் தூக்கத்தைக் கெடுப்பதில்லை. அன்றைக்கு நடந்தது தப்பு என்று அவர் மனம் தீர்ப்பு எழுதிவிட்டது. தப்புக்குத் தண்டனை உண்டு. தண்டனையின் பெயர் எய்ட்ஸ் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறார். விந்து போனால் உயிர்ச்சக்தி போகும் என்ற நம்பிக்கையில் உடம்பெல்லாம் சோர்ந்து டாக்டரிடம் வரும் வாலிபர்களை இந்திய மனநல மருத்துவம் நெடுங்காலமாக அறியும். 'தாது' நோய்க்குறி என்று அதற்குப் பெயரே உண்டு. குற்ற உணர்ச்சி உடம்பில் நோயாக இறங்குவது இங்கே புதிதல்ல.

இந்த வலையின் முடிச்சு ஆறுதலில் இருக்கிறது. ஒவ்வொரு பரிசோதனையும், 'ஒன்றுமில்லை' என்று டாக்டர் சொல்லும் ஒவ்வொரு முறையும், கொஞ்ச நேரம் பயம் இறங்குகிறது. இறங்கிய சுகம் தீர்ந்ததும் அடுத்த ஆறுதல் தேவைப்படுகிறது. கையைக் கழுவிக் கழுவியும் திருப்தி வராதவரின் கதைதான் இதுவும். பத்தாவது சோதனை ஒன்பதாவதைவிட அதிகமாக எதையும் நிரூபிப்பதில்லை. லேபுக்கு வருமானம், அவ்வளவே.

ஒரே ஒரு சோதனை

சந்தேகம் இருப்பவருக்கு ஒரு சோதனை நியாயமானது. எப்போது என்பதுதான் முக்கியம். கிருமி உள்ளே வந்ததும் சோதனையில் தெரிந்துவிடாது. இந்த இடைப்பட்ட நாட்களை டாக்டர்கள் 'விண்டோ பீரியட்' என்கிறார்கள். கிருமியின் புரதத்தையும் ஆன்டிபாடியையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைச் சோதனை, நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் லேபில் செய்யப்பட்டால், 18 முதல் 45 நாட்களுக்குள் காட்டிவிடும். ஆன்டிபாடியை மட்டும் பார்ப்பது 23 முதல் 90 நாட்களுக்குள். ஆகவே மூன்று மாதம் முடிந்தபின் எடுத்த சோதனையில் கிருமி இல்லை என்று வந்தால், நடுவில் வேறு ஆபத்து எதுவும் நடந்திராத பட்சத்தில், விஷயம் முடிந்தது.

அறிகுறிகளை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எச்.ஐ.வி. தொற்றியவர்களில் பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் காய்ச்சல், தொண்டை வலி, தோலில் தடிப்பு வருவது உண்மை. இவை எல்லாம் சாதாரண வைரஸ் காய்ச்சலிலும் வரும். வயிற்றுப்போக்கு, வியர்வை, நா வறட்சி, படபடப்பு ஆகியவற்றைப் பயம் ஒன்றே கொண்டுவரும்.

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள ஆலோசனை - பரிசோதனை மையங்களில் சோதனை இலவசம். தமிழ்நாட்டில் அவற்றுக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். முதல் சோதனையில் கிருமி இருப்பதாக வந்தாலும் வெவ்வேறு முறையிலான மேலும் இரண்டு சோதனைகளில் உறுதியான பிறகே முடிவு சொல்வார்கள். 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. - எய்ட்ஸ் சட்டப்படி, சம்மதமில்லாமல் சோதிக்கவும் முடிவை வெளியே சொல்லவும் கூடாது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலே பேசலாம்.

உண்மையான ஆபத்து நடந்திருந்தால் மூன்று மாதம் காத்திருக்கக் கூடாது. ஆணுறை கிழிந்துவிட்டது, பாலியல் பலாத்காரம் நடந்தது, ஆஸ்பத்திரியில் பயன்படுத்திய ஊசி கையில் குத்திவிட்டது என்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் மாத்திரை சாப்பிட்டால் தொற்று ஏற்படாமல் தடுக்கலாம். முத்தத்துக்கும் தொடுதலுக்கும் இந்த மாத்திரை தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எச்.ஐ.வி. வராத வழிகளில் வேறு சில நோய்கள் வரும். சிபிலிஸ், கொனோரியா, ஹெர்பீஸ் ஆகியவை வாய்வழி உறவிலும் தொற்றக்கூடியவை. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. மாதக்கணக்கில் எச்.ஐ.வி.யைப் பற்றி மட்டும் கவலைப்படுபவர் இவற்றைப் பற்றிக் கேட்பதே இல்லை.

சோதனை முடிந்தும் பயம் போகவில்லை என்றால் போக வேண்டிய இடம் லேப் அல்ல, மனநல டாக்டர். இது குணப்படுத்தக்கூடிய நோய். மீண்டும் சோதிக்க வேண்டும், மீண்டும் கேட்க வேண்டும் என்ற உந்துதலுக்கு அடிபணியாமல் பயத்தைப் பொறுத்துக்கொள்ளப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இதற்கும் உதவும். 'அங்கே ஏன் போனாய்?' என்று திட்டும் டாக்டர் ஒரு விதத்தில் நோயை வளர்க்கிறார். ஏற்கெனவே தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்திருப்பவர் அவர்.

மறுபக்கம்

இந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவர் அவர் மட்டும் அல்ல. கல்யாணம் ஆனவராக இருந்தால், காரணம் சொல்லாமல் மாதக்கணக்கில் விலகிப் படுக்கும் கணவரைப் பார்த்து, தன்னிடம் என்ன குறை என்று மனைவி யோசித்துக்கொண்டிருப்பார்.

உண்மையாகவே எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கைகுலுக்கினால் வந்துவிடுமோ என்று ஒருவர் தனிமையில் நடுங்குவதும், அவரது வீட்டுக்கு எதிரே கிருமியுள்ள ஒருவருக்கு வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். 2003-ல் கேரளத்தில், பெற்றோரைப் பறிகொடுத்த, கிருமி தொற்றிய இரண்டு குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க எதிர்ப்புக் கிளம்பியது. அன்றைய மத்திய சுகாதார அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் நேரில் போய் அவர்களைக் கட்டியணைத்தார். அணைத்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு மத்திய அமைச்சர் செய்து காட்ட வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாக எச்.ஐ.வி. மருந்து தருகிறது. 2017 முதல், கிருமி இருப்பது தெரிந்த உடனேயே சிகிச்சை என்பது கொள்கை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவிலும் கிருமி பரவுவதில்லை. ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை ஐரோப்பாவில் வருடக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். 2016-லும் 2019-லும் முடிவுகள் வந்தன. ஆணுறை இல்லாத பல்லாயிரம் உறவுகளில், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. நாற்பது வருடத்துக்கு முன் மரண தண்டனையாக இருந்த நோய், இன்று தினம் ஒரு மாத்திரையோடு முழு ஆயுளும் வாழக்கூடிய ஒன்று.

சோதனை செய்துகொள்ள வேண்டியவர்களோ வேறு யாரோ. வருடத்தில் பத்து மாதம் வெளியூரில் இருக்கும் கணவரின் மனைவிக்கு அது தோன்றுவதில்லை. இந்தியாவில் கிருமி தொற்றிய எத்தனையோ பெண்கள் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாதவர்கள். கர்ப்பமானபோது ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையில்தான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

அந்த 27 வயதுக்காரர் கையில் நான்கு காகிதங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன. ஐந்தாவதற்கான பணத்தை எண்ணி வைத்துவிட்டு, எந்த லேப் நல்லது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு எய்ட்ஸ் இல்லை. அவரை வாட்டும் பயத்துக்கு அதே ஊரின் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம் கிடைக்கும். ஆனால் அது வேறொரு கதவுக்குப் பின்னால் இருக்கிறது.